நாற்காலி இன்னும் சுற்றவில்லை

கதவைச் சாத்திக்கொண்டு ஷமீமா வெளியே போய்விட்டாள். இனி அவள் வெறும் குரல்தான். மங்கையர்க்கரசிக்கு அது புதிதில்லை. இந்த இருட்டறைக்கு முப்பது வருஷம் வாயிற்காவல் இருந்ததே இவள்தான், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தில், டீ டம்ளரோடு. இந்தப் பக்கம் உட்காருவது வேறு. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, மார்புக்குக் குறுக்கே ஒன்று, கண்ணை மூடிய கறுப்புக் கண்ணாடி, அதற்குள்ளே விழி அசைவதைப் படம் பிடிக்கிற குட்டிக் காமிரா, இரண்டு காதிலும் மெத்தென்ற ஹெட்போன், அதில் தூரத்து மழை மாதிரி ஓயாத ஓர் இரைச்சல். மோட்டார் சத்தம் கேட்டால் சுற்றுகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும், அதற்காக இரைச்சல். முகத்தில் காற்றுப் பட்டால் தெரிந்துவிடும், அதற்காக நாற்காலியைச் சுற்றி ஒரு கூடு, அதுவும் நாற்காலியோடு சேர்ந்தே சுற்றும். இதெல்லாம் யார் யோசித்துச் செய்தது? சாட்சாத் இவளேதான். உள்காது ஒன்றைத் தவிர வேறு எந்த வழியாகவும் சுற்றுகிற சேதி உள்ளே போகக்கூடாது என்று ஒவ்வொரு சந்தாகத் தேடித் தேடி அடைத்தவள். பொறி வைத்தவளே உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. முதுகுக்குப் பின்னால் புடவை ஒரு மடிப்பாக மாட்டிக்கொண்டு உறுத்துகிறது, இப்போது அதை இழுத்துவிட முடியாது. சுற்ற ஆரம்பிக்கும்போது சொல்லமாட்டார்கள், நிறுத்தும்போதும் சொல்லமாட்டார்கள், அதுவும் இவள் போட்ட விதிதான். சொல்லிவிட்டால் மனசு முந்திக்கொண்டு காது சொல்லாததையெல்லாம் சொல்லும். தானாகத் தெரிய வேண்டும். தெரியும். வயிற்றுக்குள் லேசாக ஒரு வழுக்கல் வரும், உடம்பு முழுக்க ஒரு பக்கம் திரும்புகிற நினைப்பு வரும். போன தடவை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வலது காது ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தது, இடதில் பாதி இருந்தது. அந்தப் பாதியில்தான் இத்தனை மாதமும் வண்டி ஓடியது. அதில் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் கே.கே. நகர் மூன்றாவது மாடி வீட்டில் தன்பாட்டுக்கு இருந்துவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இல்லையென்றால் தனியாக இருக்க முடியாது. கோதையிடம் சொல்லியாக வேண்டும். பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல இத்தனை பயமா என்றால், ஆமாம், பயம்தான்.

இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஷமீமா காமிராவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாள், சின்னப் பெண், நிதானமான பெண், இவள் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், 'நீங்க எழுதின வழிமுறையை வெச்சுதான் மேடம் நாங்க கத்துக்கிட்டோம்' என்று பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னாள். வழிமுறையைக் கற்றுக்கொண்ட பெண் வழிமுறைப்படிதானே கேட்பாள், கேட்டாள். 'கூட யாரு வந்திருக்காங்க மேடம்?' துணையில்லாமல் வருகிறவர்களுக்குச் சோதனை கிடையாது; முடிந்ததும் தலை கிறுகிறுக்கும், படியில் விழுந்து வைப்பார்கள், பழி நம் தலையில் விடியும். இதுவும் இவள் சட்டம்தான். ஒருமுறை அரக்கோணத்திலிருந்து விடிகாலை ரயிலில் தனியாக வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எனக்கு யாரும் இல்லீங்களே என்றார் அந்த ஆள். அப்படி யாருமே இல்லாம இருப்பாங்களா, யோசிச்சுப் பாருங்க என்று இவள் சொல்ல, அவர் மரியாதைக்கு அங்கேயே நின்று உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்ப வரவில்லை. இன்றைக்கு இவள் யோசிக்கவில்லை, பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'தங்கச்சி வந்திருக்கா. கேன்டீன்ல உக்காந்திருக்கா.' 'பேரு மேடம்?' 'பார்வதி.' அம்மாவுக்கு இவள் ஒரே பெண். பார்வதி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. ஆனால் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பார்வதி பிறந்து, வளர்ந்து, பருத்து, மூட்டுவலியோடு கீழே கேன்டீனில் போய் உட்கார்ந்துவிட்டாள். மாடியேறச் சொன்னால் என்னால ஆகாதுக்கா என்பாள். மெதுவடையை ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுவிட்டு ஆறிப்போயிருக்கு என்று பக்கத்து மேசைக்காரியிடம் குறை சொல்வாள், சொல்லிக்கொண்டே முழுசையும் தின்றும் விடுவாள். அக்காவுக்குக் காதுல ஏதோ கோளாறு, படிச்ச படிப்பெல்லாம் காதைப் பத்தித்தான், என்ன பிரயோஜனம் சொல்லுங்க. பேசட்டும். அப்படி வாய் ஓயாமல் பேசுகிற ஒருத்தி கீழே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ள இதமாகத்தான் இருக்கிறது.

'மேடம், கேக்குதா? காய்கறிப் பேரா சொல்லிக்கிட்டே இருங்க.' கேட்கிறது. கத்தரிக்காய், வெண்டைக்காய், அவரைக்காய். இருட்டில் கண் சும்மா இருந்தால் மனசு அயர்ந்துவிடும், மனசு அயர்ந்தால், சுற்றும்போது தானாக வருகிற விழியின் ஆட்டமும் அடங்கிவிடும், அந்த ஆட்டத்தைக் காமிராவில் வரைகிற கோடு படுத்துவிடும், நல்ல காதைக்கூடக் கெட்ட காது என்று எழுதிவிடுவோம். அதனால் உட்கார்ந்திருப்பவரை எதையாவது சொல்ல வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் யாருக்கும் வேண்டாம். கேட்கிறவர் பதிலைக் கவனிப்பதே இல்லை, கண் கோட்டின் மேல் இருக்கும். முருங்கைக்காய், புடலங்காய். ஆரம்பிக்கும் முன்பே ஏன் கேட்கிறாள்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம், வாயைப் பழக்கிவிடுகிறாள் போலிருக்கிறது, பழக்கட்டும். பீர்க்கங்காய். எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து காய்கறி சொல்லியிருக்கிறார்கள். காசிமேட்டு மீன்காரர் ஒருவர் காய்கறி என்றாலும் மீன்தான் சொன்னார், வஞ்சிரம், சங்கரா, நெத்திலி. ஒரு புதுப்பெண் கத்தரிக்காயோடு நின்றுவிட்டாள், மாமியார் வீட்டில் தினம் அதுதானாம். எல்லாம் காதில் விழுந்தது, எதையும் கேட்கவில்லை. நீ உள்காதுல வேல பாக்கறவ, உன் வெளிக்காது சும்மாதான் இருக்கு என்பார் சபாபதி. இவள் புருஷன், வங்கி வேலை, சாதுவான மனிதர், குத்திப் பேசுவதைக்கூடச் சிரித்துக்கொண்டே பேசுவார். சௌசௌ. சௌசௌ அவருக்குப் பிடிக்காது, அது காயே இல்ல, தண்ணி என்பார். அவர் போய்ப் பத்து வருஷமாகியும் இவள் அதை வாங்குவதில்லை. வாங்கலாம். யார் தடுக்கிறார்கள்? பேரைச் சொன்னதும் நாக்கு அங்கேயே மாட்டிக்கொண்டது, சௌசௌ, சௌசௌ, அடுத்த காய் வரவில்லை. 'சொல்லுங்க மேடம், நிறுத்தாதீங்க.' கேரட், பீட்ரூட், முள்ளங்கி.

வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தாள். காதுக்குள்ளே மூன்று வளையம், வளையத்துக்குள் துளி நீர். தலை திரும்பினால் வளையம் கூடவே திரும்பும், நீர் மட்டும் ஒரு நொடி பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளை புரிந்துகொள்கிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் நீரும் கூட ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது, நிற்கிற மாதிரியே இருக்கும். மாறினால்தான் காதுக்குத் தெரியும். எத்தனை கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள், வெள்ளைப் பலகையில் வளையம் வரைந்து, ஒரு பூசணிக்கொட்டை அளவு இடத்துக்குள் இத்தனை வேலை என்று. காதுக்குள்ளே சின்னச் சின்னக் கற்கள் இருக்கின்றன, குனிந்தால் நிமிர்ந்தால் அவைதான் சொல்லும் என்று மாமியாரிடம் சொன்னபோது, காதுக்குள்ள கல்லா, நீ சமைக்கிற அரிசியில இருக்கிறது போதாதா என்றாள் அந்த அம்மாள். கெட்டிக்காரி. ஆராய்ச்சிக்கூடத்தில் ஆரம்பத்தில் சோதனைக்குப் புறாக்கள் இருந்தன. ஒரு பக்கத்து வளையத்தைத் துண்டித்துவிட்டால் தலையை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்கும், தீனி கொத்த வராது. சில வாரத்தில் தேறிவிடும். நடக்கும், கொத்தும், பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது. விளக்கை அணைத்தால் மட்டும் கூண்டுக்குள் தொப்பென்று விழுகிற சத்தம். கண்ணைக் கொண்டு நின்றுகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். இவளும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது போன கோடையில். சிறுநீரகத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் மண்டைக்கு ஏறி, ஊசிமேல் ஊசியாகப் போட்டுத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள், அந்த மருந்து காதைத் தின்னும் என்று போட்டவர்களுக்கும் தெரியும், போட்டுக்கொண்டவளுக்கும் தெரியும், வேறு வழி இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து முதல் தடவையாகத் தலைக்குக் குளித்தாள். சீயக்காய் கண்ணில் படாமலிருக்க இமையை மூடிக்கொண்டு சொம்பைத் தூக்கியதுதான் தெரியும், சுவர் வந்து தோளில் மோதியது. சுவரா வந்தது? இவள்தான் போனாள். ஈரத் தரையில் உட்கார்ந்தபடி, முடியில் நுரையோடு, அழுகையைவிட முதலில் வந்தது ஆராய்ச்சிக்காரப் புத்திதான். கண்ணை மூடினால் விழுகிறாள் என்றால் இன்னின்னது போயிருக்க வேண்டும் என்று பாடம் ஓடியது மனசில். பிறகுதான் அழுதாள். அன்றிலிருந்து ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டுதான் முகம் கழுவுகிறாள். சோப்பு எரிகிறது. எரிந்தால் எரியட்டும்.

கோதைக்கு ஆஸ்பத்திரி விஷயமே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பூங்கோதை, ஒரே மகள், கோயம்புத்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நீ பயந்துடுவேன்னு சொல்லலடி என்றாள் இவள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே வார்த்தை, சரிம்மா. சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்தச் சரிம்மா கத்தரிக்கோல் மாதிரி வெட்டிவிட்டுப் போயிற்று. 'மேடம், இப்ப ரயில்வே ஸ்டேஷன் பேரா சொல்லுங்க. வரிசையா.' எழும்பூர், மாம்பலம், தாம்பரம். இன்னும் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறாளா? செங்கல்பட்டு. ஒருவேளை மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும், முன்பெல்லாம் அப்படித்தான், ஜெனரேட்டர் எடுக்கும்வரை சும்மா உட்கார்த்தி வைத்திருப்போம், கேட்டால் சொல்லமாட்டோம். மேல்மருவத்தூர், திண்டிவனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோதை போன் செய்வாள். சாப்டியாம்மா, சாப்டேன், நீ? ஆச்சு. என்ன சமையல்? சாம்பார். மழையா அங்க? தூறல். மாப்பிள்ளை நல்லா இருக்காரா? இருக்கார். விழுப்புரம். இதற்கும் காய்கறிப் பேர் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தரை ஒருத்தர் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். பதில் யாருக்கும் வேண்டியதில்லை. இப்படி இருக்கவில்லை முன்பு, ஒரு தடவை நடுவாரத்தில் போன் வந்தது, அம்மா என்றாள் கோதை, மெல்லச் சொன்னாள், கரு தங்கவில்லை என்று. இவள் என்ன சொன்னாள்? எத்தனை வாரம் என்று கேட்டாள். ரத்தம் நின்றுவிட்டதா என்றாள். ஸ்கேனில் என்ன போட்டிருந்தது, என்ன மாத்திரை, வேளைக்கு எத்தனை. கோதை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள், நல்ல பிள்ளை, பிறகு கேட்டாள், டேட்டா எடுக்கறியாம்மா? விழுப்புரம், விழுப்புரம். அதற்கப்புறம் என்ன ஊர்? விருத்தாசலம். அப்போது இவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் இருந்தது, ஐயோ என் கண்ணே என்று வாய் வரைக்கும் வந்ததுதான், வந்த சொல் எப்படியோ கேள்வியாகத் திரும்பி வெளியே போயிற்று. ரயிலேறிப் போயிருக்க வேண்டும். மறுநாள் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புகிற கடைசி நாள். அரியலூர்.

அந்தக் குழந்தையை இந்த இருட்டில் உட்கார்த்தியதும் இவள்தானே. ஏழு வயசு கோதைக்கு. பெரியவர்களின் கோடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது, பிள்ளைகளின் கோடு வேண்டும். நாற்காலியில் கட்டி இருட்டில் சுற்றப் பிள்ளையைத் தாருங்கள் என்றால் எந்தத் தாய் தருவாள், எல்லோரும் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். ஊரான் பிள்ளையைக் கேட்ட நாம் நம் பிள்ளையைத் தரவேண்டாமா என்று இவளுக்கு ஒரு வீறாப்பு. வரும்போது குதித்துக்கொண்டுதான் வந்தது, ராட்டினமாம்மா என்று கேட்டுக்கொண்டு, சிவப்புப் பாவாடை, சைடில் வழிந்த ஒரு பின்னல். கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டு, வேகம் சீரானதும் மைக்கில் குரல் வந்தது. அம்மா, நின்னுடுச்சா? நிற்கவில்லை, நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, காதுக்குள் நீர் கூட ஓட ஆரம்பித்துவிட்டது, அதனால் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது, எந்த நொடியில் அப்படித் தோன்றும் என்பதுவரைக்கும் இவளுக்குத் தெரியும். சொல்லக்கூடாது. பழம் பேர் சொல்லு கண்ணு என்றாள். மாம்பழம். அம்மா, நின்னுடுச்சாம்மா? வேற பழம் சொல்லு. மாம்பழம். பிறகு நிறுத்தினாள். நிறுத்தினதும் நீர் மட்டும் முன்னே ஓடும், எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும், அசையாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குழந்தை வீரிட்டது, அம்மா சுத்துதும்மா, வேகமா சுத்துதும்மா, நிறுத்தும்மா. நின்றுதான் இருக்கிறது. நின்றுதான் இருக்கிறது கண்ணு, நான் இங்கதான் இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஒரு கோடு கெட்டிருக்கும். பழம் சொல்லு, பழம் சொல்லு என்றாள் தாய். மாம்பழம், மாம்பழம், மாம்பழம் என்று அழுகைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. பயந்த பிள்ளையின் கண் அயர்வதில்லை, அதனால் கோடு அத்தனை துல்லியமாக விழுந்தது, முதல் கட்டுரையில் மாதிரிக் கோடாக அதைத்தான் போட்டார்கள், பாராட்டாதவர் இல்லை. வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கை இரண்டையும் தன் மார்போடு மடக்கி வைத்துக்கொண்டிருந்தது. வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள், சாப்பிட்டது. சபாபதியிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளவே இல்லை, அதுவாகவே சொல்லவில்லை. நல்ல தாயாக இருக்கத் தெரியாதவள் இல்லை இவள், காய்ச்சலென்றால் ராவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் பிள்ளை எதையாவது நின்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் போயிற்று.

'சொந்தக்காரங்க பேரு சொல்லுங்க மேடம். யார் யாரு இருக்காங்கன்னு.' இந்தக் கேள்வியை வரிசையில் சேர்த்ததும் இவள்தான், காய்கறி தீர்ந்தாலும் ஊர் தீர்ந்தாலும் நம் ஜனங்களுக்குச் சொந்தக்காரர்கள் தீரமாட்டார்கள் என்று நம்பிச் சேர்த்தாள். தீர்ந்ததே இல்லை, மாமா மாமி மச்சினன் ஓரகத்தி என்று சோதனை முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், போதும் போதும் என்று நிறுத்த வேண்டியிருக்கும். பூங்கோதை. மாப்பிள்ளை நடராஜன். அப்புறம்? சபாபதி என்று வந்தது, சொல்லலாமா, போனவர்களைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, விதியில் அதற்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. பார்வதி. பார்வதியைச் சொல்லாவிட்டால் சந்தேகப்படுவாளே இந்தப் பெண். பிறக்காதவளையும் வரிசையில் சேர்த்தாயிற்று. சிதம்பரத்துப் பெரியப்பா பிள்ளைகள் இருந்தார்கள், ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துவிட்டாள், அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் அழைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது, சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தனியாகிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதே கிடையாது. ஒரே சீராக நடந்திருக்கிறது. 'வேற யாராச்சும், மேடம்?' பூங்கோதை, நடராஜன், பார்வதி. பூங்கோதை, நடராஜன். போதுமே, ஏன் இத்தனை நேரம் பழக்குகிறாள்? எழுந்து போய்விட்டு வந்தாளா? கை நடுங்குகிறதா கைப்பிடி நடுங்குகிறதா? கைதான். வயிற்றில் அந்த வழுக்கல் வரக் காத்திருந்தாள், இப்போது வரும், இதோ, இல்லை, புடவை மடிப்பு உறுத்துவதுதான் தெரிந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் என்பார்கள், காடென்றால் ஒரு குருவிச் சத்தமாவது இருக்குமே. கொஞ்சம் வந்தால் போதும். பாதி வேண்டாம், பாதியில் பாதி போதும், பொழுது சாய்ந்த பிறகு வெளியே போகாமல் இருந்துகொள்வேன், படியில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே முகம் கழுவுகிறேன், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். யாரிடம் வேண்டிக்கொள்கிறாள் என்று இவளுக்கே தெரியவில்லை, கோயிலுக்குப் போய்ப் பழக்கமில்லாதவள். பயமாக இருந்தது. இருட்டைப் பார்த்தல்ல, இந்த இருட்டில் ஒன்றுமே நடக்காமல் இருப்பதைப் பார்த்து.

'ஷமீமா,' என்றாள் கடைசியில், 'எப்பம்மா ஆரம்பிக்கப் போற? இடுப்பு பிடிச்சுக்கிச்சு.'

பதிலுக்கு நிற்காமல் இவளே காரணமும் எடுத்துக் கொடுத்தாள்.

'கரன்ட் பிரச்சினையா? பரவால்ல சொல்லு. நான் எழுதின விதிதானே, நானே தளர்த்திக்கறேன்.'

'இல்ல மேடம்.' அந்தப் பெண் எச்சில் விழுங்குவது மைக்கில் கேட்டது. 'முடிஞ்சிருச்சு.'

'என்ன முடிஞ்சிருச்சு?'

'வலது பக்கம் சுத்தி, இடது பக்கம் சுத்தி, சந்தேகமா இருந்துச்சுன்னு ரெண்டையும் திரும்பவும் ஒரு தடவை போட்டேன் மேடம். விழுப்புரம் விழுப்புரம்னு சொன்னீங்கல்ல, அப்ப நல்ல வேகத்துல போயிட்டிருந்தீங்க.'

மங்கையர்க்கரசி கைப்பிடியை இறுகப் பற்றினாள். இனி பற்றி என்ன. அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நாற்காலி அவளைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறது. 'கோடு எப்படி இருக்கு?' என்று கேட்டாள், குரல் வேலை நேரத்துக் குரலாகவே வந்தது.

'நேரா இருக்கு மேடம். ரெண்டு பக்கத்துக்கும். கண்ணு அசையவே இல்ல.'

'தூக்கக் கலக்கமா இருக்குமோ?'

'நீங்க நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருந்தீங்க மேடம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னீங்க.' கூடவே, 'நீங்க கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. இறங்கறப்ப ரெண்டு பேர் பிடிக்கணும். பார்வதி அம்மாவை மேல வரச்சொல்லட்டுமா?' என்றாள்.

வரச்சொல் என்று சொல்லிவிட ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. மூட்டைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே படியேறி வந்துவிடமாட்டாளா அவள்.

'பார்வதின்னு யாரும் இல்லம்மா. நான் தனியாத்தான் வந்தேன்.'

ஷமீமா விதியை எடுத்துக் காட்டவில்லை. 'அப்ப யாரைக் கூப்பிடறது மேடம்?' என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கேள்விக்குக் காய்கறி மாதிரி வாயில் வந்ததைச் சொல்ல முடியாது. மங்கையர்க்கரசி கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருந்தது. கண் நிறைந்து, வழிய இடமில்லாமல், கண்ணாடியின் ரப்பர் விளிம்பில் தேங்கி நின்றது. காமிராவில் அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கட்டும்.

'என் கைப்பை உன்கிட்டதானே இருக்கு. போன்ல பூங்கோதைன்னு இருக்கும். என் பொண்ணு. நீயே பேசும்மா. நான் பேசினா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவேன்.'

மைக்கை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பை திறக்கிற சத்தமும், கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சும் காதில் விழுந்தன. 'ஹலோ, பூங்கோதை மேடங்களா? நான் சென்னையில அம்மா வேலை பாத்த லேப்ல இருந்து பேசறேன்... இல்லல்ல, பதறாதீங்க, அம்மா உள்ளதான் இருக்காங்க... காது டெஸ்ட்டுங்க. பேலன்ஸ் பாக்கறது... ரெண்டு பக்கமும் போயிருக்கு... தனியாத்தான் வந்திருக்காங்க. ஆமாங்க. தங்கச்சி வந்திருக்காங்கன்னு சொன்னாங்க...' அப்புறம் நெடுநேரம் ஷமீமா பேசவில்லை. எத்தனை நாளாக, எவ்வளவு போயிருக்கிறது, என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டிருப்பாள் கோதை. கேட்கத் தெரிந்தவள்தான், யாரிடம் கற்றுக்கொண்டாளோ. கேட்டுவிட்டு, சரிங்க என்று சொல்லி வைத்துவிடுவாள். வைத்துவிட்டால் அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம், வாசல்வரைக்கும் இந்தப் பெண் கொண்டுவந்து விடமாட்டேன் என்றா சொல்லப்போகிறாள்.

'மேடம்.'

'சொல்லு.'

'லைன்லதான் இருக்காங்க. வேற எதுவும் கேக்கல. அம்மாவேதான் என்னைக் கூப்பிடச் சொன்னாங்களான்னு, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?'

'ஆமான்னு சொல்லும்மா,' என்றாள் மங்கையர்க்கரசி.